கைப்பை காக்கவா கடல் கடந்து செல்வது?

தேர்வுகள் முடிந்து பள்ளிக்கூடங்கள் மூடப்படும் நாட்களில், தியாகராய நகர் உஸ்மான் சாலையிலும் பாண்டி பஜாரிலும் சுற்றுலா நிறுவனங்களின் விளம்பரப் பலகைகள் புதுக்கோலம் பூணுவதைக் கண்டிருப்பீர்கள். நாள் முழுவதும் கேடமரான் பயணம், பவளத் தீவு, ஸ்நார்கெலிங், மதிய உணவு உட்பட என்று நீலக் கடலின் படத்தோடு அவை அழைக்கின்றன. நின்று வாசித்துவிட்டு, 'இதெல்லாம் நமக்கு ஒத்து வராது' என்று நடையைக் கட்டுகிற குடும்பங்கள் நம்மில் அநேகம். உடையைப் பற்றிய தயக்கம். தொழுகை தவறிவிடுமோ என்னும் அச்சம். உணவு ஹலாலானதாக இருக்குமா என்னும் ஐயம். இவை நியாயமான தயக்கங்களே.

துணிந்து சென்று வந்த குடும்பங்களின் புகைப்படங்களைப் பாருங்கள். வாப்பாவும் ஆண் பிள்ளைகளும் கழுத்தளவு நீரில் நின்று சிரித்துக்கொண்டிருப்பார்கள். உம்மாவும் பெண் மக்களும் எங்கே? மரத்தடியில் மணல்மீது அமர்ந்து, கைப்பைகளையும் செருப்புகளையும் மூக்குக் கண்ணாடிகளையும் காவல் காத்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் பயணச்சீட்டு வாங்கப்பட்டது. அவர்களும்தான் ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர் கடல் கடந்து சென்றார்கள். நீருக்கடியில் இறைவன் படைத்து வைத்திருக்கும் பவளத் தோட்டத்தை மட்டும் காணாமல் திரும்பினார்கள். மார்க்கம் இதைக் கேட்கவில்லை. கேட்டது நம்முடைய ஆயத்தமின்மை. அதனால்தான் அந்த ஆயத்தத்தைப் பற்றி உங்களோடு சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. மயிலாப்பூர் கச்சேரி சாலைப் பள்ளிவாசலில் சுபுஹு தொழுதுவிட்டுக் கிழக்கு நோக்கி நடப்பவர், சாந்தோமைக் கடந்தால் நொச்சிக்குப்பத்துக் கடற்கரையை அடைந்துவிடலாம். அடையாற்றின் முகத்துவாரத்துக்குத் தெற்கே ஊரூர் குப்பம். இந்தச் சோழமண்டலக் கரையின் மீனவர்கள் எடை குறைந்த மரத் துண்டுகளைக் கயிற்றால் பிணைத்து அலைமீது செலுத்திய கட்டுமரம்தான் ஆங்கிலத்தில் 'கேடமரான்' ஆயிற்று. டாம்பியர் என்னும் ஆங்கில மாலுமி 1697இல் வெளியிட்ட தம் பயண நூலிலேயே அந்தச் சொல் இடம்பெற்றுவிட்டது. சென்னைக்குத் துறைமுகம் அமையாத காலத்தில் கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் தொலைவிலேயே நங்கூரமிட்டு நிற்கும். பலகைகளைத் தைத்துச் செய்த மசூலாப் படகுகளும் அலையைக் கண்டு அஞ்சும் நாட்களில், கட்டுமரக்காரர்தாம் கடிதங்களைத் தலையில் நீர் புகாத தொப்பிக்குள் செருகிக்கொண்டு கப்பலுக்கும் கரைக்கும் சென்று வந்தார். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பிறகு கண்ணாடி இழைப் படகுகள் பெருகி, கட்டுமரம் அருகிப்போயிற்று.

இன்று கேடமரான் என விளம்பரப்படுத்தப்படும் கலமோ வேறு. ஒல்லியான இரண்டு உடல்களை ஒரே மேல்தளத்தால் இணைத்த படகு அது. பசிபிக் தீவு மக்களின் இரட்டைத் தோணிக்கு உறவான இந்த வடிவத்தில், 1876இல் நதானியேல் ஹெர்ரஷாஃப் என்னும் அமெரிக்கர் 'அமரிலிஸ்' என்ற பாய்ப்படகைக் கட்டி நியூயார்க் பந்தயத்தில் ஓட்டினார். மற்றப் படகுகளை அது முந்திய வேகத்தைக் கண்டவர்கள், இத்தகைய படகே இனிப் போட்டிக்கு வரக்கூடாது என்று தடை விதித்துவிட்டார்கள்! ஆக, வடிவம் அவர்களுடையது, பெயர் நம்முடையது. இரண்டு உடல்களும் அகன்று நிற்பதால் இந்தக் கலம் பக்கவாட்டில் அதிகம் சாய்ந்து ஆடுவதில்லை. எனினும் அலை பெரிதானால் வெட்டி வெட்டிக் குலுக்கும். குமட்டலுக்கு அஞ்சுபவர்கள் முன்பகுதியை விடுத்து நடுப்பகுதியிலோ பின்பகுதியிலோ அமர்வது நலம்.

எங்கே செல்வது? நமக்கு மிக அண்மையில் உள்ளவை மன்னார் வளைகுடாவின் பவளத் தீவுகள். இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள். கீழக்கரை மரக்காயர்களின் கப்பல்களும் முத்துக் குளிப்பும் விளங்கிய கடல் அது. 1986இல் அது கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டுவிட்டது. குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறை படகு விடுகிறதே தவிர, மற்றத் தீவுகள் பெரும்பாலானவற்றில் நினைத்தபோது இறங்க முடியாது. அது நல்லதே. பல ஆண்டுக் காலம் சுண்ணாம்புக்காகப் பவளப் பாறையை வெட்டியதில் அங்கே தீவுகளே கரைந்து போயின. தூத்துக்குடிக்கு அருகில் தேய்ந்துகொண்டிருந்த வான் தீவைக் காக்க, நம் அடையாற்றுக்கு அருகிலுள்ள ஐ.ஐ.டி.யின் பொறியாளர்களும் சேர்ந்து செயற்கைப் பாறைகளைக் கடலுக்குள் இறக்க வேண்டியதாயிற்று. இலட்சத்தீவு முஸ்லிம்களின் தீவு. ஆனால் நுழைவு அனுமதி பெற வேண்டும். கப்பலில் செல்வதானால் கொச்சிக்குப் போக வேண்டும். அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

சென்னைக் குடும்பங்களுக்கு எளிதாக வாய்ப்பது அந்தமான். கப்பலில் ஏறத்தாழ மூன்று நாட்கள். விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேர்தான் இறங்குமிடம். அங்கிருந்து, 2018 முதல் ஸ்வராஜ் தீவு எனப்படும் ஹேவ்லாக்கிற்குக் கேடமரான் கப்பல்கள் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில் சென்றுவிடுகின்றன. அந்தத் தீவின் யானைக் கடற்கரையில் நீருக்குள் பார்க்கும் ஏற்பாடு உண்டு. கூட்டமும் உண்டு, இரைச்சலும் உண்டு. பெண்களோடு செல்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது வேறொன்று: போர்ட் பிளேருக்குத் தென்மேற்கே வண்டூரிலிருந்து புறப்படும் படகுப் பயணம்.

வண்டூர் என்ற பெயர் எங்கோ கேட்டதுபோல் இருக்கிறதா? கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் உள்ள வண்டூர்தான் அது. 1921இல் மலபாரின் மாப்பிள்ளை முஸ்லிம்கள் ஆங்கில ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்து ஒடுக்கப்பட்டபோது, பிடிபட்டவர்களில் பலர் அந்தமானுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். அங்கேயே குடியமர்த்தும் திட்டத்தின்கீழ் 1920களில் அவர்களின் மனைவி மக்களும் கப்பலேறி வந்து சேர்ந்தார்கள். காட்டைத் திருத்தி ஊர் சமைத்தவர்கள், விட்டு வந்த ஊர்களின் பெயர்களையே புதிய ஊர்களுக்குச் சூட்டிக்கொண்டார்கள். வண்டூர், மஞ்சேரி, திரூர், மலப்புரம், நிலம்பூர் எல்லாம் இன்றும் அந்தமான் வரைபடத்தில் இருக்கின்றன. எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள், கருங்கடலைக் கடந்தால் திரும்புவோமா என்று அறியாமலே கைக்குழந்தைகளோடு கப்பலேறினார்கள். அவர்கள் கண்ட கடலின் கரையில்தான் நம் பெண்கள் கைப்பை காத்துக்கொண்டு அமர்கிறார்கள்! போர்ட் பிளேரில் ஒரு நாள் கூடுதலாகத் தங்குகிறவர்கள், 1857ஆம் ஆண்டுப் போருக்குப்பின் நாடு கடத்தப்பட்டு 1861இல் அங்கேயே மறைந்த மார்க்க அறிஞர் மௌலானா ஃபஸ்லே ஹக் கைராபாதியின் அடக்கத்தலத்தையும் ஸியாரத் செய்து வரலாம்.

வண்டூரில் தொடங்குவது மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்கா; 1983இல் அமைக்கப்பட்டது. அதிலுள்ள தீவுகளில் மக்கள் சென்று இறங்க அனுமதிக்கப்படுபவை இரண்டே: ஜாலி பாய், ரெட் ஸ்கின். இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருப்பதில்லை. வறண்ட மாதங்களில் ஜாலி பாய். மழை மாதங்களில் ரெட் ஸ்கின். ஒன்றில் மனிதக் கால் படும்போது மற்றொன்று ஓய்வெடுக்கிறது. வனத்துறையின் அனுமதிச் சீட்டும் அடையாள அட்டையும் வேண்டும். காலையில் படகேறினால் அலையாத்திக் காடுகளுக்கிடையே ஏறத்தாழ ஒரு மணி நேரம். உண்மையைச் சொல்வதானால், இந்தப் படகு கேடமரான் அன்று. சாதாரண எந்திரப் படகுதான். தீவில் கடை கிடையாது. உணவை நீங்களே கொண்டு செல்ல வேண்டும். பிளாஸ்டிக் பைக்கும் புட்டிக்கும் அனுமதியில்லை. இது நமக்குச் சாதகமே! முந்தைய நாளே தங்குமிடத்தில் சொல்லி வைத்து, எவர்சில்வர் தூக்கில் எலுமிச்சைச் சோறும் பொரித்த மீனும் எடுத்துச் சென்றால், ஹலால் பற்றிய கவலைக்கே இடமில்லை. ஆனால், தண்ணீரில் இறங்குவதற்கு முன்பாக வயிறார உண்ணாதீர்கள்.

தொழுகைக்கு வருவோம். இங்குதான் சென்னைவாசிகள் ஏமாந்து போகிறார்கள். அந்தமானின் கடிகாரம் நம் கடிகாரம்தான். சூரியன் மட்டும் நம் சூரியனைவிட ஏறத்தாழ ஐம்பது நிமிடம் முந்திவிடுகிறது. டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரையான மாதங்களில் லுஹர் நேரம் ஏறத்தாழ பதினொன்றேகாலுக்கும் பதினொன்றரைக்கும் இடையிலேயே நுழைந்துவிடும். டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே மஃரிப். சென்னை அட்டவணையைச் சட்டைப் பையில் வைத்திருப்பவர், அறைக்குத் திரும்பி அஸர் தொழலாம் என்று எண்ணிக்கொண்டிருக்கையிலேயே சூரியன் மறைந்துவிடும். ஆகவே உள்ளூர்ப் பள்ளிவாசலின் நேர அட்டவணையை முதல் நாளே குறித்துக்கொள்ளுங்கள்.

பயணிக்கு மார்க்கம் சலுகை அளித்திருக்கிறது. நான்கு ரக்அத்துகளை இரண்டாகச் சுருக்கிக்கொள்ளலாம். ஷாஃபிஈ மத்ஹபினர் லுஹரையும் அஸரையும் ஒரே நேரத்தில் சேர்த்தும் தொழலாம். ஹனஃபி மத்ஹபினர் சுருக்குவார்கள், சேர்க்க மாட்டார்கள். நம் ஊரில் ஒரே தெருவில் இரு மத்ஹபினரும் வாழ்கிறோம், சம்பந்தமும் செய்துகொள்கிறோம். எனவே எத்தனை நாள் தங்கினால் சலுகை நீங்கும் என்பதை அவரவர் பள்ளி இமாமிடம் புறப்படும் முன்பே கேட்டுக்கொள்வது நலம். உளூச் செய்யத் தண்ணீர் எங்கே என்று தேட வேண்டியதில்லை. கடலில் செல்லும்போது குடிநீர் குறைவாக இருக்கிறது, கடல்நீரில் உளூச் செய்யலாமா என்று கேட்கப்பட்டதற்கு, அது தூய்மையானதே என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்த செய்தி ஹதீஸ் நூல்களில் பதிவாகியிருக்கிறது. தீவின் மரநிழலில் மணல்மீது விரிப்பை விரித்து, மேற்கிலிருந்து சற்றே வடக்கே சாய்ந்து நின்றால் கிப்லா. லுஹர் முடித்துவிட்டுப் படகேறுவதற்கு வேண்டிய நேரத்தை ஒதுக்கிக்கொள்ளுங்கள். சில மணி நேரம்தான் தீவில் இருக்க விடுவார்கள்.

இனி, உடை. சகோதரிகளே, இதைக் கவனமாக வாசியுங்கள். பருத்திச் சுடிதாரும் நீண்ட துப்பட்டாவும் அணிந்து நீரில் இறங்குவதைவிட ஆபத்து வேறில்லை. பருத்தி நீரைக் குடித்துக் கனக்கும். துப்பட்டா கழுத்தையும் கையையும் சுற்றிக்கொள்ளும். புடவையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆஸ்திரேலியாவில் வாழும் லெபனான் நாட்டுப் பெண்மணி அஹீதா ஸனெட்டி 2004இல் வடிவமைத்த 'புர்கினி' என்னும் நீச்சல் உடை, தலை முதல் கணுக்கால் வரை மறைக்கிறது, நீரை உறிஞ்சுவதில்லை, உடலோடு ஒட்டிக்கொள்ளாத மேலங்கியும் அதில் உண்டு. அதைப் போன்று செயற்கை இழையில் தைத்தவை இன்று நம் நகரத்திலேயே கிடைக்கின்றன. அதன்மேல் உயிர்காப்பு மேலங்கி வேறு அணிவிக்கப்படுவதால், மறைப்பு இன்னும் முழுமையாகிறது. உலர்ந்த புர்கா ஒன்றைக் கரையில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு செய்தி. வெயிலுக்காகப் பூசும் களிம்புகளில் சில, பவளத்துக்கு நஞ்சு என்று ஆய்வாளர் கூறியதையொட்டி, ஹவாய் மாநிலம் 2021 முதல் அத்தகையவற்றின் விற்பனையைத் தடை செய்திருக்கிறது. உடல் முழுவதும் மூடிய பெண்ணுக்கு அந்தக் களிம்பே தேவையில்லை. நம் உடையைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் இருந்தால் இதைச் சொல்லுங்கள்!

முகக்கண்ணாடி அணிவதில் ஒரு நுட்பம் உண்டு. அதன் ரப்பர் விளிம்பு நெற்றியிலும் கன்னத்திலும் மேலுதட்டிலும் தோலோடு தோலாகப் படிய வேண்டும். முக்காட்டின் ஓரம் ஒரு நூலளவு உள்ளே சிக்கினாலும் நீர் கசியும். ஆதலால் முதலில் கண்ணாடியைப் பொருத்திவிட்டு, பிறகு தலைமூடியை அதன் விளிம்புவரை இழுத்துவிடுங்கள். பட்டை தலைமூடியின்மேல் வரலாம். ஆண்களுக்கும் இதே தொல்லை உண்டு, காரணம் மீசை! அடர்ந்த மீசைக்காரர்களின் கண்ணாடிக்குள் நீர் புகுந்துகொண்டே இருக்கும். மீசையைக் கத்தரித்துத் தாடியை வளர விடும் சுன்னத் இங்கே நன்றாகவே கைகொடுக்கிறது.

அங்கே உதவியாளர்கள் பெரும்பாலும் ஆண்களே. மிதவை வளையத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, அருகில் நீந்தி இழுத்துச் செல்வார்கள். படகில் ஏறும்போதே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: வளையத்தில் மனைவிக்கு அருகில் கணவர் இருப்பார், மகளுக்கு அருகில் வாப்பாவோ சகோதரரோ இருப்பார், உதவியாளர் கயிற்றைப் பிடித்து முன்னே செல்லட்டும் என்று. முன்கூட்டிக் கேட்டால் அவர்களுக்கு இதில் சிரமமில்லை. ஆனால் அதற்கு அந்தக் கணவரும் வாப்பாவும் ஓரளவேனும் நீந்தத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டுமே!

பயிற்சியை வீட்டிலேயே தொடங்கலாம். மூச்சுக்குழாயும் கண்ணாடியும் வாங்கி, அகலமான பாத்திரத்தில் நீர் நிரப்பி, முகத்தை அமிழ்த்தி வாயால் மட்டும் மூச்சு விட்டுப் பழகுங்கள். முதல் நிமிடத்தில் நெஞ்சு படபடக்கும். ஐந்தாம் நிமிடத்தில் அடங்கிவிடும். அந்தப் படபடப்பைக் கடலுக்கு எடுத்துச் செல்லாதிருப்பதுதான் பயிற்சியின் நோக்கம். அடுத்து, பெண்களுக்கெனத் தனி நேரம் ஒதுக்கும் நீச்சல் குளங்கள் நகரில் இருக்கின்றன. நான்கைந்து முறை சென்று வாருங்கள். மெரினாவிலோ பெசன்ட் நகரிலோ பயிற்சி என்ற பேச்சே வேண்டாம். அங்கே அலை திரும்பும்போது காலடியில் இழுக்கும் வலுவில் ஆண்டுதோறும் இளைஞர்கள் மாண்டுகொண்டிருக்கிறார்கள். எலியட்ஸ் கடற்கரையில் காணும் வெண்ணிற மண்டபம், 1930இல் அங்கே மூழ்கியோரைக் காக்கப் போய் உயிர் நீத்த டென்மார்க் மாலுமி ஷ்மிட் என்பவரின் நினைவாக எழுப்பப்பட்டது. அதன் நிழலில் அமர்ந்து சுண்டல் தின்பவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

அந்தமான் நீரும் முற்றிலும் சாதுவானதன்று. அலையாத்திக் காடுகளில் உவர்நீர் முதலைகள் வாழ்கின்றன. 2010இல் ஹேவ்லாக்கில் கடலில் மூச்சுக்குழாயோடு நீந்திக்கொண்டிருந்த ஒரு வெளிநாட்டுப் பெண்ணை முதலை கொன்றது. வண்டூர்க் கடற்கரையிலேயே எச்சரிக்கைப் பலகைகள் உண்டு. அனுமதித்த இடத்தில், வளையத்துக்குள், உதவியாளரின் கண் பார்வையில் மட்டும் இறங்குங்கள். இதய நோயும் ஆஸ்துமாவும் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கலாகாது.

முகத்தைக் கவிழ்த்தவுடன் நீங்கள் காணப்போவது என்ன? கண்ணாடி வழியே நீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், உள்ளதைவிட அருகிலும் தோன்றும். பிள்ளைகள் கை நீட்டுவார்கள். மான்கொம்புபோல் கிளைத்தவை, மனித மூளைபோல் மடிந்தவை எல்லாம் கல் அல்ல. கோடிக்கணக்கான சிற்றுயிர்கள் தாம் சுரந்த சுண்ணாம்பில் கட்டிக்கொண்ட வீடுகள். கிளிமீன் தன் அலகால் பாறையைக் கொறித்து, அரைத்து, வெண்மணலாகக் கழிக்கும். நீங்கள் தொழுத மணலில் அதன் பங்கும் உண்டு. செவ்வெள்ளைப் பட்டை போட்ட சிறு மீன், மற்ற மீன்களைக் கொட்டிக் கொல்லும் கடற்சாமந்தியின் இதழ்களுக்குள் அச்சமின்றிக் குடியிருக்கும். பெருஞ்சிப்பி உங்கள் நிழல் பட்டதும் வாயை மூடிக்கொள்ளும். அர்ரஹ்மான் அத்தியாயத்தை ஓதும்போதெல்லாம் முத்தும் பவளமும் என்று நாவால் சொல்லிச் சென்றோமே, அந்தப் பவளத்தின் இனத்தார் இங்கே உயிரோடு இருக்கின்றனர்.

உயிரோடு இருப்பதனால்தான் சாகவும் செய்கின்றனர். கடல் சூடேறிய 2010இல் அந்தமான் பவளங்களில் பெரும்பகுதி வெளுத்துப் போயிற்று. மீண்டவை பாதி, மீளாதவை பாதியாகத்தான் இன்று காண்பீர்கள். ஒரு விரற்கடை வளர ஓராண்டு எடுத்துக்கொள்பவையும் அவற்றில் உண்டு. களைத்துப்போய் அதன்மேல் கால் ஊன்றி நிற்பவர் ஒரே கணத்தில் பத்தாண்டுகளை நொறுக்கிவிடுகிறார். நிற்கத் தோன்றினால் மல்லாந்து மிதவுங்கள், மேலங்கி தாங்கும். பிள்ளைகள் ஒரு துண்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டால், திரும்பும்போது வனத்துறையினரும் விமான நிலையத்தினரும் கேள்வி கேட்பார்கள். கொண்டு வருவது சட்டப்படி குற்றமும் ஆகும்.

நீரில் இறங்க இயலாத பெரியவர்களை வீட்டில் விட்டுவிட்டுச் செல்ல எண்ணாதீர்கள். ஜாலி பாயில் அடிப்பகுதி கண்ணாடியால் ஆன சிறு படகுகள் உண்டு. முழங்கால் வலிக்காரரான பாட்டியைப் படகிலிருந்து இறக்கி ஏற்ற இருவர் துணை வேண்டும். ஈர மணலில் நடக்கப் பழைய ரப்பர் செருப்பு போதும். கதிர் உச்சியில் இருக்கையில்தான் கண்ணாடிக்கடியில் நன்றாகத் தெரியும். அங்கே உச்சிப்பொழுது பதினொன்றேகால் என்பதை நினைவில் வைத்து, அவருடைய முறையை முன்னதாகக் கேட்டு வாங்கி, பிறகு லுஹருக்குச் செல்லுங்கள்.